நான் நிமிர்த்தி வைத்த கம்பம்

தம்பி,

உன் விசா வந்த நாளிலிருந்து உன்னோடு ஒழுங்காக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நான் வாயைத் திறந்தாலே நீ சிரிக்கிறாய். உன் அப்பா அதற்கும் மேலே. பயப்படுவதற்குச் சம்பளம் கொடுத்தால் நான் இந்தத் தோட்டத்துத் தொரையை விடப் பெரிய பங்களாவில் இருப்பேனாம். இருக்கட்டும். எழுத உட்கார்ந்தால் குறுக்கே பேச ஆள் இல்லை, சிரிக்கவும் ஆள் இல்லை. கொழுந்து எடுக்கப் போன பெண்கள் பிள்ளைக்காம்பராவில் என்னிடம் விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்டுத் தூங்குகிற மத்தியான நேரத்தில், ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்து அங்கங்கே கோணிப் போயிருந்தால் அது தொட்டிலின் குற்றம். இதை நீ பெட்டிக்கு அடியில் ஒளித்து வைக்கத் தேவையில்லை. கட்டாரில் உன்னோடு ஒரே அறையில் இருக்கப்போகிற பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. அவர்களுக்கும் எங்கேயோ ஓர் அம்மா உட்கார்ந்துகொண்டு இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு என்ன பயம் என்று நீ கேட்கவே இல்லை. வெயிலுக்குப் பயப்படுகிறேன், சாப்பாட்டுக்குப் பயப்படுகிறேன், ஏஜென்ட் ஏமாற்றிவிடுவான் என்று பயப்படுகிறேன் என்றெல்லாம் நீயாகவே நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறாய். அதெல்லாமும் பயம்தான். அந்த ஏஜென்டின் முகத்தைப் பார்த்த அன்றே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆனால் என்னைத் தின்கிற பயம் வேறு. அங்கே உனக்கு ஏதாவது நடந்தால் நீ சொல்லமாட்டாய். போனில் "நல்லா இருக்கேம்மா" என்பாய். நானும் நம்புவேன், நம்பாமல் என்ன செய்ய? மேல் லயத்துச் செல்வராணியின் மகன் துபாயில் இருந்தபோது வாரம் தவறாமல் அப்படித்தான் சொன்னான். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினபோது பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அவள் வேறு யாரோ இறங்குகிறார்கள் என்று அவனுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு மாதிரி.

நம் வீட்டிலும் இது நடந்திருக்கிறது, அப்போது நீ சின்னப்பிள்ளை. உன் அப்பாவுக்கு இருமல் வந்தது. மலையில் வேலை செய்கிற யாருக்குத்தான் இருமல் இல்லை? கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். சாப்பாடு குறைந்தது, அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார், பிறகு இன்னொன்று போட்டார். ஒரே வீட்டில் படுத்து எழும்பி, ஒரே அடுப்பில் தேத்தண்ணி குடித்து, தினமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சுவரோடு சுவராக வீடுகள் ஒட்டியிருக்கிற லயத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. தீபாவளிக்குப் பண்டாரவளையிலிருந்து உன் அத்தை வந்தாள். வாசலில் கால் வைத்தவள் பையைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணே, என்னாண்ணே இது, பாதி ஆளாயிட்டீங்க" என்று அழத் தொடங்கிவிட்டாள். அவளுக்குப் பைத்தியமா என்று நினைத்தேன். அடுத்த நாள் பதுளை பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துக் காசம் என்று சொன்னார்கள். மாதக் கணக்கில் மருந்து சாப்பிட்டுப் பிழைத்தார். அத்தை அந்தத் தீபாவளிக்கு வராமல் போயிருந்தால் என்று இன்றைக்கும் அடுப்படியில் நின்றுகொண்டு நினைப்பேன், நினைத்துவிட்டு அவரை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

அதனால்தான் உன் கமராவைப் பற்றி எழுதப்போகிறேன். உனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்காதே. நீ படம் எடுத்த பக்கம் உனக்குத் தெரியும். நான் நின்ற பக்கம் உனக்குத் தெரியாது. உன் மாமா சவூதியிலிருந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்த அந்தச் சின்னக் கமரா கைக்கு வந்த நாளிலிருந்து நீ சோறு தண்ணி மறந்தாய். பதுளை டவுனில் நம் முஸ்லிம் நாநாவின் கொமினிகேஷனில் வேலைக்குச் சேர்ந்த புதிது. போன், போட்டோ கொப்பி, இன்டர்நெட் எல்லாம் ஒரே கடைக்குள். அங்கேதான் உனக்கு அந்த வியாதி பிடித்தது. உலகம் பூராவும் இருக்கிற ஆட்கள் ஆளுக்கொரு படம் தினமும் போடுகிற இடமாம். ஒரு நாளைக்கு ஒரு படம், அதுவும் அன்றைக்கே எடுத்ததாக இருக்க வேண்டுமாம். போடாவிட்டால் இன்டர்நெட்டில் உனக்கென்று உள்ள பக்கத்துக் கலண்டரில் அந்த நாள் வெறும் கட்டமாக நிற்குமாம். இதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். ஒரு லாபமும் இல்லை என்றாய். லாபமில்லாமல் ஒருவன் ஒரு காரியம் செய்தால்தான் எனக்குப் பயம் கூடும். சண்டை நடந்த காலம், நாட்டு நிலைமை அப்போது எப்படி இருந்தது! தமிழ்ப் பொடியன், கையில் கமரா, பேசுகிறது முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர்களோடு. எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

ஆனாலும் சொல்லுகிறேன், அவர்களைப் பற்றி நீ சாப்பிடும்போது சொல்லச் சொல்ல எனக்கும் பழகிவிட்டது. தினமும் தன் பூனையைப் படம் பிடித்துப் போடுகிற நோர்வேக்காரிக்குப் பூனைக்காரி என்று பேர் வைத்தேன். வருஷக்கணக்காக ஒரே பாலத்தையே எடுத்துக்கொண்டிருந்த ஜப்பான் தாத்தாவுக்குப் பாலத்தார் என்று பேர் வைத்தது உன் அப்பா. பூனைக்காரிக்கு இன்றைக்கு என்னவாம், பாலத்தாருக்குச் சுகமாமா என்று லயத்து ஆட்களை விசாரிப்பது போல விசாரிப்போம். பூனைக்கு ஒரு கண் தெரியாமல் போனபோது நான் மாரியம்மனுக்கு ஒரு கற்பூரம் கொளுத்தினேன். அதை உன்னிடம் சொல்லவில்லை, சிரிப்பாய் என்று.

முதலில் துன்ஹிந்தை நீர்வீழ்ச்சி, கோவில் தேர், மூடுபனி என்று அழகழகாக எடுத்தாய். பிறகு வேலை கூடியது, நேரம் போதவில்லை. விடியக் காலையில் பஸ்ஸுக்கு நிற்கிற மதகில் ஏறி நின்று, எதிரே தெரிகிறதை ஒரு படம் எடுத்துக்கொண்டு ஓடுவாய். பாலத்தார் ஒரே பாலத்தை எடுக்கலாம் என்றால் நான் ஏன் ஒரே இடத்தை எடுக்கக் கூடாது என்று அதற்கு நியாயம் வேறு. எதிரே தெரிகிறது என்ன? என் பிள்ளைக்காம்பரா. அதற்கு முன்னால் துணி காயப்போடுகிற கம்பி, அதன் இரண்டு பக்கக் கம்பம், ஓரத்தில் கக்கூஸ், பின்னால் மண் சரியாமல் இருக்கக் கட்டின கல்லுக்கட்டு, கல்லுக்கட்டுக்கு மேலே அந்தப் பெரிய டர்பன்டைன் மரம், அதற்கும் பின்னால் நமுனுகுல மலை. நீ மலையைப் பார்த்தாய், வெளிச்சத்தைப் பார்த்தாய். நான் கக்கூஸைப் பார்த்தேன். "ஏன்டா தம்பி, ஒலகத்துக்கெல்லாம் நம்ம கக்கூஸையா காட்டுற?" என்று கேட்டது நினைவிருக்கும். பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்கப் போகிற அவசரத்தில் கொழுந்து எடுக்கிற பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற நேரம் அது. பச்சைப்பிள்ளைகளின் முகம் விழுந்தால் உலகத்துக் கண்ணெல்லாம் படும் என்று அவர்கள் வருவதற்கு முன்னால் எடுக்கச் சொன்னேன். நீயும் கேட்டாய், அந்த மட்டுக்கு நல்ல பிள்ளை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் உனக்குச் சரியாகத் தெரியாது. தினமும் படம் போகிறது என்றால் தினமும் விருந்தாளி வருகிற மாதிரிதானே? நம் தோட்டத்தில் யாராவது பெரியவர் பார்வையிட வருகிறார் என்றால் என்ன செய்வோம்? சுண்ணாம்பு அடிப்போம், முற்றம் கூட்டுவோம், கோணலாக இருக்கிறதை நேராக்குவோம். பிறந்ததிலிருந்து அதைத்தான் பழகியிருக்கிறோம். நான் தினமும் அதைச் செய்தேன். நீ மதகில் ஏறுவதற்கு முன்னாலேயே நான் கதவைத் திறந்து, முற்றத்தைக் கூட்டி, ஈரத்துணிகளைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவேன். கம்பம் ஒன்று சாய்ந்து சாய்ந்து வந்தது. நிமிர்த்தி, அடியில் கல் வைத்து அடித்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் சாய்ந்தது. மறுபடியும் கல் வைத்தேன். பூனைக்காரி பார்த்துவிட்டு இந்த ஆயாவுக்கு ஒரு கம்பத்தை நேராக வைத்திருக்கத் தெரியவில்லை என்று நினைப்பாள் என்று எனக்கு வெட்கம். சுவரில் ஒரு வெடிப்பு வந்தது, யன்னலுக்குப் பக்கத்தில் குறுக்கே ஓடினது. சுண்ணாம்பைக் குழைத்து அப்பினேன். அது மறுபடியும் வாய் திறந்தது, நானும் மறுபடியும் அப்பினேன். இவ்வளவும் உன் படம் அழகாக இருக்க வேண்டும் என்று செய்தேன், தம்பி. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் அந்தக் கம்பம் சாய்ந்ததற்கு மட்டும் பயப்படவில்லை.

இதற்கு நடுவில்தான் உன்னைச் சோதனைச் சாவடியில் பிடித்தார்கள். பையைச் சோதித்தவர்கள் கமராவைத் திறந்து பார்த்தால், ஒரே இடம், ஒரே கோணம், தினமும். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். தினமும் ஒரே இடத்தை வேவு பார்க்கிறவன்தானே அப்படி எடுப்பான்? அங்கே என்ன இருக்கிறது, யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டு, பின்னேரம் வரைக்கும் உட்கார வைத்திருந்தார்கள். அம்மா வேலை செய்கிற இடம் என்று நீ சிங்களத்தில் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. நாநா கடையைப் பூட்டிவிட்டு வந்து, இது ஒரு கிறுக்குத்தனம், வேறொன்றுமில்லை என்று தன் வாயால் உறுதி சொன்ன பிறகுதான் விட்டார்கள். அந்த நாநாவுக்கு நான் உயிருள்ளவரை கடமைப்பட்டவள். நீ வந்து படுத்த பிறகு கமராவை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன். நாட்டில் ஆளே காணாமல் போகிற நேரத்தில் கலண்டரில் ஒரு கட்டம் காணாமல் போனால் போகட்டும் என்று நினைத்தேன். காலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாய். உன் அப்பாதான் டின்னுக்குள் கை விட்டு, அரிசியைத் தட்டிவிட்டு, கமராவை உன் கையில் கொடுத்தார். அவர் மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம்! இரண்டு நாள் பேசவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கமரா அரிசிக்குள்ளேயே கிடந்திருந்தால்?

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. நீ ஒரு நாள் வழக்கத்தை விட நேரத்தோடு வந்தாய், நனைந்துபோய், சட்டைக்குள்ளே ஒரு கடித உறையோடு. பூனைக்காரி உன் பக்கத்தில் எழுதியிருந்ததை எனக்குத் தமிழில் சொன்னாய். உன் கலண்டரில் சின்னச் சின்னப் படங்களாக வரிசையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு வந்தாளாம். உங்கள் மரம் சாய்கிறது, எங்கள் ஊரும் மலைச்சரிவுதான், பின்னால் மண் நகர்கிறதா என்று தயவுசெய்து போய்ப் பாருங்கள் என்று எழுதியிருந்தாள். வருஷத் தொடக்கத்தில் எடுத்ததையும் அன்றைக்கு எடுத்ததையும் நாநா பெரிதாக அச்சடித்துக் கொடுத்திருந்தார். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாய். நாங்கள் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். மலை மலைமேல் சரியாக உட்கார்ந்தது. கூரையும் உட்கார்ந்தது. மரம் மட்டும் இரண்டாகத் தெரிந்தது.

உன் அப்பா நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்துக் காட்டினார்.

"மரம் காத்துக்குச் சாஞ்சிருக்கும்டா. மண்ணு நகர்ந்தா இந்தக் கம்பமும்ல சாஞ்சிருக்கணும்? அது ரெண்டுலயும் நேராத்தான நிக்குது. செவுத்துலயும் ஒரு வெடிப்பக் காணோம்."

நீயும் அதைப் பார்த்துவிட்டு மூச்சு விட்டாய். உன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அந்தக் கம்பம் நேராக நிற்பதற்குக் காரணம் இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அத நான்தான் நிமித்தி நிமித்தி வச்சேன். வெடிப்பும் இருந்திச்சு. நான்தான் சுண்ணாம்பு அப்புனேன்."

நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தீர்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் தொட்டில்கள் தொங்கின. யன்னல் பக்கத்துத் தொட்டிலில், வெடிப்புக்கு நேர் கீழே, கமலாவின் மகள், பேர் வைத்து ஒரு மாதம்கூட ஆகாதவள், தினமும் காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் தூங்கினாள். என் கையாலேயே நான் அவளை அங்கே போட்டேன்.

அடுத்த நாள் மலையில் வேலையில்லை, பிள்ளைகள் வரவில்லை. காலையில் வெல்பெயார் ஐயாவிடம் படங்களைக் கொண்டுபோனேன். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராக்கள் எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் அப்பா சொன்னதையே சொன்னார், கம்பம் நேராக நிற்கிறதே என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். படத்துக்காகக் கம்பத்தை நிமிர்த்தினேன் என்று ஒரு பெரிய மனிதருக்கு முன்னால் நின்று சொல்வது எவ்வளவு கூச்சம் தெரியுமா? அவருக்கு இந்தத் தினசரிப் படம் என்ற சங்கதியே விளங்கவில்லை. பூனைக்காரியின் பேரை எடுத்தபோது சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். மரம்தானே பயம், மழை விட்டதும் அதை வெட்டிவிடச் சொல்கிறேன் என்றார். மரத்தை வெட்டினால் சாய்கிறது என்று காட்டுவதற்கு இருக்கிற ஒன்றும் போய்விடும், அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார். திரும்பி வரும்போது கல்லுக்கட்டுக்குப் பின்னால் ஏறிப் பார்த்தேன். புல்லுக்குள்ளே நிலம் பிளந்து ஒரு கோடு ஓடியது, என் கைப்பிடி அளவு அகலம். உள்ளே தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது.

அடுத்த நாள் காலையில் நான் பிள்ளைக்காம்பராவைத் திறக்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்களையெல்லாம் கோவில் மண்டபத்துக்குத் திருப்பினேன். பெரட்டுக்குப் பிந்தினால் அரை நாள் பேரும் சம்பளமும் போகும், அவர்களுக்கு என்மேல் ஆத்திரம். படத்தைப் பார்த்துப் பேய் பிடித்துவிட்டது என்றாள் ஒருத்தி. கமலா மட்டும் பிள்ளையை என் கையில் தந்துவிட்டுப் போனாள். வெல்பெயார் ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். யாரைக் கேட்டு மாற்றினாய், தொரைக்கு யார் பதில் சொல்வது, வேலை போய்விடும் தெரியுமா என்றார். தெரியும். உன் சம்பளத்தை வைத்துக்கொண்டு வீடு நடத்த முடியாது என்பதும் தெரியும். முந்தானையில் முடிந்து வைத்திருந்த சாவியை அவிழ்த்தேன்.

"சாவி இந்தாங்கய்யா. புள்ளைங்கள நீங்களே தூக்கிட்டுப் போயி உள்ள போடுங்க. நான் போடமாட்டேன்."

அவர் சாவியையும் பார்த்தார், மண்டபத்தில் பாயில் கிடந்த பிள்ளைகளையும் பார்த்தார். கை நீட்டவில்லை. இரண்டு நாளைக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? வெயில் அடித்தது! ஐப்பசி மாதத்தில் அப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததே இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி. பூசாரி மண்டபத்தில் மூத்திர வாடை என்று முணுமுணுத்தார். பெண்கள் குழாயடியில் என்னைக் கண்டால், "ஆயா, மலை எப்ப வருதாம்?" என்று கேட்டார்கள். நான் போய்ப் போய் மரத்தைப் பார்ப்பேன், அது அசையாமல் நிற்கும். நீ தினமும் மதகில் ஏறிப் படம் எடுத்தாய், பூனைக்காரியும் பாலத்தாரும் தினமும் விசாரித்தார்கள். திங்கட்கிழமை பிள்ளைக்காம்பராவைத் திறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்போது என் மனதில் என்ன ஓடியது என்பதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். விழுந்து தொலையேன் என்று அந்த மலையைப் பார்த்து நினைத்தேன். நம் ஆட்கள் மேல் எனக்கு எவ்வளவு பாசம், அப்படியிருந்தும் என் மானம் போகாமல் இருக்க மண் சரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பயம் முற்றினால் மனுஷி எங்கே போய் நிற்பாள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு மத்தியானம் மறுபடியும் மழை பிடித்தது. திங்கள் காலையில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. சட்டம் கோணிப் பூட்டு இறுகியிருந்தது. நீ மதகில் நின்றபடியே கத்தினாய். என்ன சொன்னாய் என்று இன்றைக்கும் தெரியாது, உன் குரல்தான் கேட்டது. அந்தக் குரலுக்கு ஓடினேன். பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்த பெண்களையும் தள்ளிக்கொண்டு ஓடினேன். முதலில் கம்பம் விழுந்தது, நான் கல் வைத்து அடித்த கம்பம். பிறகு கல்லுக்கட்டு வயிறு பெருத்து முன்னால் வந்தது. மரம் நின்றபடியே கொஞ்ச தூரம் நகர்ந்து வந்து, பிறகு கூரைமேல் படுத்தது. சத்தம் பெரிதாக இல்லை, லொறியில் மண் கொட்டுகிற சத்தம்தான். புழுதிகூட எழும்பவில்லை, எல்லாம் சேறு. தொட்டில் கட்டுகிற உத்தரம் மண்ணுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. கமலா அதைப் பார்த்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டாள். ஓர் உயிருக்கும் ஒன்றும் இல்லை, ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூட இல்லை.

அன்றைக்கு உன் கையில் கமரா இருந்தது. நீ படம் எடுக்கவில்லை. பக்கத்து லயத்து ஆட்களின் சாமான்களைத் தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாய், அடுத்த நாளும் கொண்டுபோனாய். பிறகு கடைக்குப் போனபோது உன் பக்கம் பூராவும் ஒரே கேள்விதானாம். இன்றைய படம் எங்கே? நேற்றைய படம் எங்கே? சுகமா? பதில் எழுதுங்கள். பூனைக்காரி மட்டும் ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்று எழுதியிருந்தாள் என்றாய். நீ அதைச் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. நானும் அவளும் ஒரே ஜாதி. அந்த இரண்டு நாள் மட்டும்தான் அவளுக்கு என்னைப் போலப் பயந்து தொலைக்க வேண்டி வந்தது, பாவம்.

இப்போது நீ போகிறாய். புதுப் பிள்ளைக்காம்பரா மேட்டில் இருக்கிறது, பின்னால் மலை இல்லை, அதனால் மழை பெய்தால் எனக்கு உன்னை நினைத்துப் பயப்பட முழு நேரமும் கிடைக்கும். அதனால் ஒன்று கேட்கிறேன். காசு அனுப்புவது, போன் எடுப்பது எல்லாம் உன் இஷ்டம். தினமும் ஒரு படம் போடு. அந்தக் கட்டடங்களையும் கடலையும் மற்றவர்கள் எடுக்கட்டும். உன்னை எடு. ஒரே சுவர், ஒரே நேரம், வேலைக்குப் போவதற்கு முன்னால், சட்டைப் பொத்தான்கூடப் போடாமல். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பதுளைக்குப் போவேன். நாநா ஒரு கொம்பியூட்டரை எனக்கு விட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், உன் பக்கத்தை எப்படித் திறப்பது என்று பொத்தான் பொத்தானாகச் சொல்லியும் தந்துவிட்டார். கலண்டரைத் திறந்து வரிசையாக உன்னைப் பார்ப்பேன். உன் கழுத்து எலும்பைப் பார்ப்பேன், கண்ணுக்குக் கீழே பார்ப்பேன், தோள் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். நான் தவறவிட்டால் பூனைக்காரி பார்ப்பாள், அவளுக்கும் சொல்லி வை.

படம் போட முடியாத நாள் இருந்தால் கட்டம் காலியாக இருக்கட்டும், நான் பயந்துகொள்கிறேன், எனக்கு அது பழக்கம். ஆனால் நேற்றைய படத்தை எடுத்து இன்றையது என்று போடாதே. அம்மா பார்ப்பாளே என்று தலையை வாரிக்கொண்டு வந்து நிற்காதே. சிரிப்பு வராவிட்டால் சிரிக்காதே. நான் அந்தக் கம்பத்துக்குக் கல் வைத்த மாதிரி நீ உனக்குக் கல் வைக்காதே, தம்பி. சாய்ந்திருந்தால் சாய்ந்தபடியே நின்று எடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
அம்மா